விருதுக்குக் கூடப்போனவன்

விருது வாங்கும் யோகம் எனக்கு வாய்க்கவில்லை. வாங்கப் போகிறவர்களுக்குப் பை தூக்கும் யோகம் மட்டும் உண்டு. 1985இல், ஐந்தாம் வகுப்புப் பையனாக, எங்கள் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரோடு கோலாலம்பூர் போனேன். பிறகு நானும் ஆசிரியராகி, பல பள்ளிகளில் சாக்குத்தூள் தின்று, ஐம்பதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கையில், என்னிடம் படித்து இப்போது அதே தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிற டீச்சர் விருது வாங்கப் புத்ராஜெயா போனார். அதற்கும் கூடப்போனேன். இடையில் நாடு தன் தலைநகரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பேர் கோலாலம்பூரிடம் இருக்கிறது. 1999 முதல் கோப்புகள் புத்ராஜெயாவுக்குக் குடிபோய்விட்டன. விருதைக் கோப்பு இருக்கிற இடத்தில்தானே கொடுப்பார்கள்.

எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேர் சொன்னால் வாத்தியார் யார், பெரிய கிராணி யார், இந்தக் கதையில் வரப்போகும் கோட்டு யாருடையது என்றெல்லாம் ரிங்லெட் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள்.

விருதுக் கடிதம் முதலில் வாத்தியாருக்கு வரவில்லை. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி உறையின் கனத்தைக் கையில் பார்த்து, முத்திரையைப் பார்த்து, மேற்கொண்டு பார்க்க வேண்டியதையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்புவார். ஆகவே மறுநாள் காலைப் பெரட்டில் வேலையாட்களை மேற்பார்வை பார்க்கும் தண்டல் பேர் கூப்பிடும்போதே, வாத்தியாருக்குத் தலைநகரத்தில் விருது என்று கொழுந்துக் கூடையோடு நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வாத்தியாருக்குத் தெரிந்தது எட்டு மணிக்கு. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் எதற்கென்று புரியாமல் உட்காரச் சொன்னார்.

என்ன செய்தார் என்று விருது? தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி உண்டானது என்பதிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் குடியிருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதைச் சட்டம் துருவிக் கேட்கவில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ, சட்டம் திருப்தியடைந்தது. நாடு விடுதலையான 1957இல் இப்படியும் வேறெப்படியும் உண்டான தமிழ்ப்பள்ளிகள் 888. எங்கள் பள்ளியும் அந்தக் கணக்கில் ஒன்று. நான் படித்த காலத்தில் நூறை ஒட்டிய பிள்ளைகள், ஆறு வகுப்புகள், இரண்டு வாத்தியார்கள், தடுப்புச் சுவரில்லாத ஒரே நீண்ட அறை. மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல், நான்காம் வகுப்புக்கு ஆத்திசூடி, ஐந்தாம் வகுப்புக்கு மலாய் என்று மூன்றும் ஒரே கூரைக்குள் ஒரே நேரத்தில் நடக்கும். வகுப்புகளை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே நான் நான்காம் வகுப்புப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டேன். என் அறிவுக்கு அதுவே காரணம், குறைவுக்கும் அதுவே காரணம்.

1983இல் புதிய பாடத்திட்டம் நாடு முழுக்க வந்தது. எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றையும் பாடத்துணைப் பொருள்களைக் கொண்டு விளையாட்டாகக் கற்பிக்க வேண்டும் என்றது அது. துணைப்பொருள் எங்கே? பேக்டரிக்குப் பின்னால் உடைந்த தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. விளிம்பில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள். வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பிரித்து, ஆணி அகற்றி, டார்ச் லைட் பேட்டரிக் கரியை அரைத்து இரண்டு பக்கமும் பூசி, கம்பத்தில் கீல் வைத்து மாட்டினார். கதவைப் போலத் திரும்பும் பலகை. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புக் கணக்கு. திருப்பினால் நான்காம் வகுப்பு. பாதி மூடினால் நடுவில் ஒரு சுவர் முளைத்தது மாதிரி ஆகிவிடும். ஈயத்தாளையும் விடவில்லை. வெட்டி நட்சத்திரம் செய்து, கணக்கு சரியாகப் போட்டவன் சட்டையில் குத்தினார். என் சட்டையில் குத்தியதைக் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்று அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இந்தப் பலகையைப் பள்ளியைப் பார்க்க வந்த ஒருவர் பார்த்தார், கோலாலம்பூரில் ஓர் அமைப்பிடம் சொன்னார், அமைப்பு விருது கொடுத்தது. விருதின் காரணமாகக் கடிதத்தில் இருந்தது: தியாகம்.

கோட்டு இல்லாமல் விருது வாங்க முடியாது என்று பெரிய கிராணி தீர்ப்புச் சொன்னார். தன்னுடைய கோட்டையே கொடுத்தார். அது துரைமார் காலத்தில் தைத்தது. கிராணி வயிறு வேறு, வாத்தியார் வயிறு வேறு. தானா ராத்தா தையல்காரர் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார், பிறகு பிரித்துவிடலாம் என்ற நிபந்தனையோடு. வழிச்செலவுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளி பிரித்தார்கள். அப்பா தண்டல் என்பதால் அவரும் போக வேண்டியிருந்தது. அரை டிக்கெட் என்பதால் நானும் போனேன்.

தாப்பா பாதையில் இறங்குவதைப் பற்றிப் பழைய மலைக்காரர்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். வாயில் அசாம் பொய் என்ற புளிப்புப் பழவற்றலைப் போட்டு அடக்கிக்கொண்டு, லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டும்வரை யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். வாத்தியார் கோட்டை மடித்துச் செய்தித்தாளில் சுற்றி, என் மடியில் வைத்திருந்தார். வாந்தி எடுப்பதென்றால் ஜன்னல் பக்கம்; கோட்டின் பக்கம் திரும்பக் கூடாது என்று கட்டளை. திரும்பவில்லை. விருதில் எனக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் நெடுஞ்சாலை கிடையாது. அது வடக்கு தெற்காக முழுசாகத் திறந்தது 1994இல். நாங்கள் பீடோர், சுங்கை, சிலிம் ரீவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வோர் ஊரின் வயிற்றுக்குள்ளும் புகுந்து வெளியே வந்தோம். தஞ்சோங் மாலிமில் பஸ் நின்றது. எல்லாரும் பாவ் வாங்க இறங்கினார்கள். வாத்தியார் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். 1922இல் திறந்த சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி அந்த ஊரில்தான் இருந்தது. மலாய் ஆசிரியர்களை உண்டாக்கிய பெரிய கட்டடம். வாத்தியாருக்குக் கிடைத்த பயிற்சி, வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாள்களில் போய்ப் படித்தது. "என்னா கட்டடம் பாரு" என்றார் அப்பாவிடம். அப்பா பாவைப் பிட்டு அவர் கையில் வைத்தார்.

கோலாலம்பூரில் தங்கியது செந்தூலில், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த உறவுக்காரர் வீட்டில். ஊர் பார்ப்பதற்கு ஒரு நாள். மலைக்காரனைத் தலைநகரில் எங்கெங்கே கொண்டு போவது என்பதில் அப்போது யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது: பத்துமலையில் 272 படி, தேசிய நினைவுச் சின்னம், முந்தின வருஷம்தான் கட்டி முடித்த டாயாபூமி, பிறகு சுபாங் விமான நிலையத்தில் மாடியில் நின்று விமானம் பார்ப்பது. ஏறப்போகிறவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள்தான் அங்கே அதிகம். வாத்தியார் ஒவ்வொரு விமானத்துக்கும் அது எந்த நாட்டுக்குப் போகிறதென்று சொல்லி, அந்த நாட்டின் தலைநகரைக் கேட்டார். விருது வாங்க வந்த இடத்திலும் வகுப்பு எடுக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

விழா ஒன்பது மணிக்கு. பிரமுகர் வந்தது பதினொன்றரைக்கு. அதுவரை கம்பளிக் கோட்டுக்குள் வாத்தியார் அவிந்துகொண்டிருந்தார். பிரமுகர் பேசினார். ஆசிரியர் மெழுகுவர்த்தி என்றார். தன்னை உருக்கி ஒளி தருபவர் என்றார். எங்கள் பள்ளிக்கு அப்போது மின்சாரம் இல்லை. கேமரன் மலை நீர்மின் திட்டம் 1963இல் முடிந்து, ரிங்லெட்டில் அணை கட்டி, எங்கள் மலைத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இறக்கிச் சமவெளிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்துக்கு மட்டும் சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர். பகலில் பள்ளிக்கூடத்தில் மூடுபனி புகுந்தால் வாத்தியார் நிஜமாகவே மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஆகவே அந்த உவமையை அரங்கில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பொன்னாடை, மாலை, சுவர்க்கடிகாரம். இவற்றை வாங்கிக்கொண்டு வாத்தியார் செய்த காரியம்தான் நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. கோட்டின் உள்பையிலிருந்து மனு ஒன்றை எடுத்துப் பிரமுகர் கையில் கொடுத்தார். மூன்றாவது ஆசிரியர் ஒருவர் வேண்டும்; கூரை ஒழுகுகிறது; இவ்வளவுதான் மனு. பிரமுகர் அதைப் பிரிக்காமல் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவர் இன்னொருவரிடம். அவர் அதைக் கடிகாரப் பெட்டிகள் அடுக்கியிருந்த மேசையில் வைத்தார். ஐந்தாம் வகுப்புப் பையன்களுக்கு இதெல்லாம்தான் கண்ணில் படும். மறுவாரம் தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. பிரமுகர் முழுசாக இருந்தார். வாத்தியார் ஒரு காதும் கோட்டின் தோளுமாக இருந்தார். தோளைப் பார்த்துப் பெரிய கிராணி தன் கோட்டை அடையாளம் கண்டு, கத்தரித்து வைத்துக்கொண்டார்.

பொன்னாடை மலைக் குளிருக்கு உதவாது. ஜரிகை போட்ட மெல்லிசுத் துணி. கடிகாரம் உதவியது, பள்ளியில் மாட்டினார்கள். மனுவுக்குப் பதில் வந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். பகுதி உதவி பெறும் பள்ளியின் கட்டடத்துக்கு நிர்வாகத்தை அணுகவும் என்று மேலிடம் எழுதியது. நிர்வாகத்தை அணுகினார். அது அரசாங்கப் பள்ளியாயிற்றே என்றது நிர்வாகம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால் கூரையை அடுத்த பொங்கலுக்கு முன்னால் எங்கள் அப்பாக்கள் கோத்தோங் ரோயோங் போட்டு, கூடி உழைத்து மாற்றினார்கள்.

இனி டீச்சர் கதை. பள்ளிக்கு இப்போது நல்ல கட்டடம், தார் ரோடு, மின்சாரம், கணினி அறை, வாசலில் பதாகை. ஆசிரியர்கள் ஒரு கை விரலுக்கு மேல். வாத்தியாரின் மனு நிறைவேறிவிட்டது என்றே சொல்ல வேண்டும், மூன்றாவது ஆசிரியரோடு நிற்காமல் நான்காவது, ஐந்தாவது எல்லாரும் வந்துவிட்டார்கள். வராமல் போனது பிள்ளைகள். பள்ளி முழுக்கவே இருபது சொச்சம். லயத்துப் பிள்ளைகள் படித்து, ஈப்போவுக்கும் பினாங்கு தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களும் தானா ராத்தாவில் வீடு வாங்கிப் பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். தங்கள் பிள்ளை கொழுந்து பறிக்கக் கூடாது என்று வாத்தியாரிடம் வந்து அழுதவர்கள்தானே அவர்கள் அப்பா அம்மா. வாத்தியார் வேலையைச் சரியாகச் செய்தார், பள்ளி காலியானது. இப்போது மலையில் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் கொழுந்து வெட்டுகிறார்கள். பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆண்கள். குடும்பத்தைக் கூட்டி வருவதற்குப் பெர்மிட் இல்லை. அந்தப் பத்துப் பிள்ளைச் சட்டத்தை இன்று இந்த மலையில் அமல்படுத்தினால் லயத்தில் குடியிருக்கிற பத்துப் பிள்ளை தேற வேண்டுமே.

பிள்ளை குறைந்தால் வகுப்பைச் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. ஆக, இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். அன்று பிள்ளை அதிகமாக இருந்ததால் நடந்தது, இன்று குறைவாக இருப்பதால் நடக்கிறது. நடப்பது ஒன்றுதான்.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பக்கமும் எழுதக்கூடிய, கீல் வைத்து மடங்குகிற வெள்ளைப் பலகை செய்தார். ஒரு பக்கம் இரண்டாம் ஆண்டு. திருப்பினால் மூன்றாம் ஆண்டு. பாதி திறந்தால் நடுவில் தடுப்பு. மாவட்டப் புத்தாக்கப் போட்டியில் முதல் பரிசு. பிறகு மாநிலப் போட்டி, குவந்தானில். எங்கள் மலை பகாங் மாநிலம் என்பது வரைபடம் பார்த்தால்தான் தெரியும். சொந்த மாநிலத் தலைநகரம் நாட்டுத் தலைநகரைவிட வெகு தூரம். அங்கேயும் ஜெயித்தார். புத்தாக்கத்துக்கு ஒரு சுருக்கப் பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம்; ஆங்கில எழுத்துகளை அடுக்கினால் மலாயிலோ தமிழிலோ ஒரு சொல் வர வேண்டும். டீச்சர் என்னிடம் கேட்டார். எனக்கு வந்த ஒரே பேர் தேயிலைப் பெட்டி. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"ஐயா, இந்த ஐடியா உங்க காலத்துல இருந்துச்சுன்னு எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதுமா, உண்மைதானே" என்றேன். விண்ணப்பப் படிவத்தில் முன்னோடி ஆய்வுகள் என்று ஒரு கட்டம் இருந்தது. நூலின் பேர், ஆண்டு, பக்கம் கேட்டது. வாத்தியாருக்குப் பக்க எண் இல்லாததால் அந்தக் கட்டம் காலியாகவே போனது.

விருதுக்குத் தானே விண்ணப்பிக்க வேண்டும் என்பது இக்கால முறை. எங்கள் நாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டில்லியில் செப்டம்பர் 5ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையால் கொடுக்கும் தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் தொடங்கியது. 2018இலிருந்து அதற்கும் ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். பணிவு என்ற பாடத்தைக் காலமெல்லாம் நடத்தியவர், நான் எவ்வளவு நல்லவன் என்று சான்றுகளோடு பதிவேற்ற வேண்டும். எங்கள் டீச்சர் இரவு பன்னிரண்டு மணிக்கு இணைய வேகம் கூடும் நேரம் பார்த்துப் படங்களை ஏற்றினார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரே பிள்ளைகள்தான், இருக்கிறதே அவ்வளவுதானே.

நம் பகாங்கிலேயே இதற்கு முன்னால் பெரிய கௌரவம் ஒன்று வந்திருக்கிறது. முவாட்சாம் ஷா பக்கம் ருஞ்சாங் என்ற பூர்வகுடிப் பள்ளியில் யுகெலேலே வாசித்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் ஐசாயா, 2020இல் உலக ஆசிரியர் பரிசின் கடைசிப் பத்துப் பேரில் ஒருவர். அந்த ஆண்டுப் பரிசைப் பெற்றவர் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே. பாடநூலில் கியூஆர் குறி ஒட்டிப் பாடத்தைத் தாய்மொழியில் கேட்கவைத்தவர். பத்து லட்சம் அமெரிக்க டாலரில் பாதியை, போட்டியில் உடன் நின்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு 55,000 டாலருக்குச் சற்று மேல். ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டால் இப்படித்தான் போடுவார், எந்தக் கமிட்டியும் போடாது. ஆனால் கொரோனா காலம். விழா திரையில் நடந்தது. உலகப் பரிசுவரை போனவர்களுக்கு ஒரு தலைநகரையும் பார்க்க வாய்க்கவில்லை. எங்கள் டீச்சர் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்.

டீச்சரின் காரில் நான், டீச்சர், டீச்சரின் அம்மா. அந்த அக்கா ஆயுளில் பாதியைக் கொழுந்து மலையில் கழித்தவர். தலைநகரம் பார்த்ததில்லை. தாப்பா இறக்கத்தில் நான் பழக்க தோஷத்தில் அசாம் பொய் வாயில் போட்டுக்கொண்டேன். நெடுஞ்சாலை ஏறியதும் ஊர்கள் மறைந்துவிட்டன. பீடோரும் தஞ்சோங் மாலிமும் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக வந்து போயின. கைப்பேசியில் ஒரு பெண் குரல் வழி சொன்னது. "யாருடி அது, நம்மளவிட நல்லா வழி தெரிஞ்சு வச்சிருக்கா" என்றார் அக்கா.

புத்ராஜெயா அழகான ஊர். வெட்டி உண்டாக்கிய பெரிய ஏரி, அதன் மேல் ஒன்றுபோல் ஒன்றில்லாத பாலங்கள், ரோட்டின் இரண்டு பக்கமும் அமைச்சுகள். நடந்து போகிறவர்களைத்தான் காணோம். வடை வாங்கக் கடை தேடினோம். வழி சொல்லும் அந்தப் பெண் எட்டுக் கிலோமீட்டர் என்றாள். ஹோட்டலுக்கே திரும்பினோம்.

முதல் நாள் ஒத்திகை. மேடையில் எந்தப் பக்கம் ஏறி, தரையில் ஒட்டிய எத்தனையாவது குறியில் நின்று, எந்தக் கையால் வாங்கி, எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பது வயது ஆசிரியர்கள் வரிசையில் நின்று பேசியதற்காக மைக்கில் திட்டு வாங்கினார்கள். எனக்கு அது மட்டும் பார்க்கச் சுகமாக இருந்தது. மறுநாள் விழா குறித்த நிமிடத்தில் தொடங்கியது. அன்று பிரமுகருக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தவன் நான். நேரத்தோடு தொடங்கியதில் ஏதோ குறைவது போல இருந்தது. ஆசிரியர் பாட்டு பாடினோம். மண்டபக் குளிரில் டீச்சர் பட்டுப்புடவையோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மலையில் தினமும் போடுகிற ஸ்வெட்டரை, தலைநகர் சூடு என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடக் காணொளி. டீச்சருடையது தேயிலை மலையின் மேல் பறந்தது. கடல் அலையைப் போலப் பச்சை, காலை வெயில், மெல்லிய புல்லாங்குழல். பள்ளி வரப்போகிறது என்று நான் முன்னால் சாய்ந்தேன். இன்னொரு மலை வந்தது. எல்லாம் முடிந்து டீச்சர் மேடையேறி ஒரு சிவப்பு உறையை வாங்கிக்கொண்டு இறங்கினார். உறைக்குள் ஒன்றும் இல்லை. சான்றிதழைப் பிறகு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கியூஆர் குறியை வருடி நிகழ்ச்சிக்கு ஐந்து நட்சத்திரத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். டீச்சர் ஐந்து போட்டார். மதிப்பெண் போடுவதில் அவர் தாராளம், பிள்ளைகளிடமும் அப்படித்தான். கீழே 'வேறு கருத்துகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. இருநூறு எழுத்துகளுக்கு மிகாமல் எழுதலாம். வாத்தியாரின் மனு அதில் தாராளமாக அடங்கியிருக்கும். நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசித்து, நன்றி என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பரிசுப் பையை ஹோட்டல் அறையில் பிரித்தோம். நோட்டுப் புத்தகம், பேனா, குடை, தண்ணீர்ப் புட்டி, அப்புறம் ரிப்பன் கட்டிய அழகான அட்டைப் பெட்டி ஒன்று. பெட்டியில் கேமரன் மலைத் தேயிலை. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"மூட்டையா கட்டி அனுப்பினோம். ரிப்பன் கட்டித் திருப்பி அனுப்பியிருக்கானுங்க, சார்" என்றார் என்னிடம். பிறகு மகளிடம், "பாப்பா, இதுல போடாத. இது பார்க்கிறதுக்கு. நம்ம தூள் கொண்டாந்திருக்கேன், அதுல போடு."

மறுநாள் அக்காவை இரட்டைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போனோம். 452 மீட்டர் என்று டீச்சர் சொன்னார். மலையில் இருக்கிறவருக்கு உயரம் சொல்லி என்ன ஆகப்போகிறது. பத்துமலையில் 2006இல் வைத்த முருகனைப் பார்த்ததும்தான் அக்கா நின்றார். படிகளை ஏற மாட்டேன் என்றவர் ஏறி இறங்கினார். விமானம் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். எதற்கு என்று டீச்சர் கேட்டார். எதற்கென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மலைக்குத் திரும்பியதும் விருதின் பலன்கள் வரிசையாக வந்தன. பள்ளி வாசலில் டீச்சர் படம் போட்ட பதாகை. அமைப்புகளின் பாராட்டு விழாக்கள். எல்லாவற்றிலும் பொன்னாடை, துணி அன்றைக்கு இருந்த அதே மெல்லிசு. அப்புறம் பட்டறைகள். கூட்டு வகுப்பை எப்படிச் சிறப்பாக நடத்துவது என்று மற்ற ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுமாம். இந்த மாதம் குவந்தான், அடுத்த மாதம் ஜொகூர். அவர் போய்விட்டால் இங்கே கூட்டு வகுப்பை யார் நடத்துவது? ஒருவர் பயிற்சியில், ஒருவர் கூட்டத்தில், ஒருவர் பிரசவ விடுப்பில். வாத்தியாருக்கு விருது கிடைத்தபோது இப்படி யாரும் கூப்பிடவில்லை. அவர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பலகையின் முன் நின்றார்.

டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாளைக்கு வந்து பிள்ளைங்களோட உட்கார முடியுமா? தலைமையாசிரியர் கேக்கச் சொன்னாரு."

போனேன். என் பழைய பள்ளி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் நான்கு பேர், மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர். பலகையைத் தேடினேன். அது ஆபீஸ் அறையில் கண்ணாடி அலமாரிக்குள், கேடயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிற விருந்தினர்கள் பார்க்கக் கேட்கிறார்களாம். சாவி கிராணியிடம். கிராணி விடுப்பு.

பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தேன். இரண்டாம் ஆண்டுக்குக் கழித்தல், மூன்றாம் ஆண்டுக்குப் பெருக்கல். கழித்தலில் கேள்வி கேட்டு நான் பதிலுக்குக் காத்திருக்கையில், மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தலையைத் திருப்பி விடையைச் சொல்லிவிட்டான். "உன் பாடத்தைப் பாருடா" என்றேன். சொன்னபிறகு, இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி அவன் நோட்டைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவளை ஒன்றும் சொல்லவில்லை.